கண் தாவும் நேரம்

எங்கள் வீட்டில் நிலைக்கண்ணாடிக்கு வேலையே இருந்ததில்லை. கிறிஸ்டியும் நானும் இரட்டைப் பிள்ளைகள். அச்சு அசல் ஒரே முகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது எதிரெதிரே நின்று, அவள் முகத்தைப் பார்த்து நானும் என் முகத்தைப் பார்த்து அவளும் பவுடர் பூசிக்கொள்வோம். "ஈவ்லின், கன்னத்துல திட்டா இருக்குடி, பேய் மாதிரி" என்பாள். வாய் ஜாஸ்தி அவளுக்கு.

தாம்பரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது என் வேலை. வருகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவேன். கண்ணாடியில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், உடனே வலது கண்ணைப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். கண் தாவும்போது மூளை கதவைச் சாத்திவிடுகிறது. திறந்ததும், விட்டுப்போனதைத் தானே இட்டு நிரப்பி, எல்லாவற்றையும் பார்த்த மாதிரி நம்பவைக்கும். சரியான புளுகுமூட்டை.

ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்த அன்றும் அப்படித்தான். லாரியைப் பார்த்தேன்; சட்டென்று கிறிஸ்டியைப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. அப்புறம் ரோட்டில் கிடந்த முகம். அதைப் பார்த்துத்தான் கிறிஸ்டி போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசுவதே இல்லை. வாயைத் திறந்தால் கிறிஸ்டி பெயர்தான். பிழைத்தவள் மேல் அவ்வளவு கோபமா? எனக்கும் ரோஷம் உண்டு, நானும் பேசவில்லை.

இன்று காலை நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அவளை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது. என் முகம்தானே அவள் முகம். இடது கண்ணைப் பார்த்தேன். வலது கண்ணைப் பார்த்தேன்.

கண்ணாடியில் கண்மணிகள் நகர்ந்தன.

நகர்வது எனக்குத் தெரிகிறதென்றால், அது என் கண் இல்லை. பயந்தேன், அதைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டேன்.

"கிறிஸ்டி, வந்துட்டியாடி?"

அவளுக்குக் கேட்கவில்லை. கன்னத்தில் பவுடர் திட்டாக இருந்தது. துடைத்துவிடக் கையை நீட்டினேன். கண்ணாடியில் எந்தக் கையும் எழவில்லை.

திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் கிறிஸ்டி நின்று, என் வழியாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

அம்மா பைபிளோடு உள்ளே வந்தாள். "கிறிஸ்டி, கண்ணாடியில எத்தன நாளைக்கு ஈவ்லின தேடுவ? வா கண்ணு. அவ கல்லறைக்குப் போயிட்டு சர்ச்சுக்குப் போலாம்."

கன்னத்துத் திட்டை அம்மாவே துடைத்துவிட்டாள். அது என் வேலை.

இருவரும் போனார்கள். கண்ணாடியில் கட்டிலும் வசன காலண்டரும் தெரிந்தன. வேறு யாரும் இல்லை.