நெட்டச்சி

ஆம்பூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில், படிப்புக்காகக் கடன் வாங்கிய வீட்டுக்காரர்கள் தரைக்குள் இறங்கினார்கள். முதல் தவணை தவறியதும் கணுக்கால் வரை, வேலை கிடைக்காத வருஷம் முழங்கால் வரை, வட்டி ஏற ஏற இடுப்பு வரை. வலி கிடையாது. தண்ணீரில் நடப்பதுபோல் நடந்தார்கள். தார் விலகி வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. பேங்கிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, இது விதிமுறைகளில் வராது என்று சொல்லி டீ குடித்துப் போனார். ரோடு கான்டிராக்டர் தாருக்குச் சேதமில்லை என்றார். ஊர் ஊருக்கும் ஷூ தைத்து அனுப்புகிற ஊரில், பட்டம் வாங்கின பிள்ளைகளுக்குச் செருப்பே தேவைப்படவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கல்யாணத் தரகர்கள் மட்டும் உயரம் கேட்பதை நிறுத்தினார்கள்.

பெர்சிஸும் ஃபீபியும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். பிளஸ் டூ முடிந்ததும் சென்னைக்கு வெளியே கண்ணாடிக் கட்டடம் கட்டிய ஒரு யுனிவர்சிட்டியில் இருவருக்கும் இடம் கிடைத்தது. கடனும் தயாராக இருந்தது. அந்த வாரம்தான் வேலூர்ப் பக்கத்துப் பழைய கல்லூரி ஒன்று, பெர்சிஸின் மார்க்குக்காக ஃபீஸும் ஹாஸ்டலும் தானே ஏற்பதாகச் சொன்னது. அவள் அம்மா ஜெயசீலிக்கு ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. அங்கே அதற்கு செலக்‌ஷன் என்று பேர். காலேஜ் செலக்‌ஷன் என்றதும் அவளுக்கு அந்தக் கணக்குதான் வந்தது.

"சும்மா குடுக்கிறான்னா அது ரிஜெக்ட்டுடி. கம்மி வெலைக்கு வர்ற தோல்ல எங்கியாவது ஓட்டை இருக்கும்."

"ம்மா, காலேஜ் தோலு இல்ல. நான்தான் தோலு. துட்டு குடுத்து எடுக்கிறது அவங்க."

ஜெயசீலி மகளின் முன்கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, கம்பெனியில் செய்வதுபோலவே கட்டைவிரலால் தடவினாள்.

"இது இன்னா தழும்பு?"

"சைக்கிள்ல உழுந்தது. ஃபீபிதான் தள்ளிவிட்டா."

"ஃபர்ஸ்ட் கிரேடு போவாது," என்றாள் ஜெயசீலி. "பரவால்ல, போ."

ஃபீபிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒண்ணாதான் போலாம்னு சொன்ன. இப்ப அந்த ஓட்டைக் காலேஜுக்குப் போறியா? அங்க ஃபேன்கூட ஓடாதுடி."

"நீ லோனுக்குக் கையெழுத்துப் போடாத."

"தெருவே போட்டுடுச்சி. நான் மட்டும் இன்னா?"

ஃபேன் ஓடவில்லைதான். மார்க் குறைந்தால் உதவியும் நிற்கும் என்பதால் பெர்சிஸ் மூன்று வருஷம் சினிமாவுக்குப் போகவில்லை, யாரோடும் பழகவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் தெருவில் தலைகள் இன்னும் தாழ்ந்திருந்தன. டீக்கடையில் பெஞ்சை எடுத்துவிட்டுப் பலகையைத் தரையில் போட்டார்கள். பிறகு கடைக்காரர் மகனும் கடனில் படித்தான், கடைக்காரரும் இறங்கினார். சர்ச்சில் பாட்டு முழங்கால் உயரத்திலிருந்து எழும்பியது. அவள் குரல் மட்டும் மேலே ஃபேன் அருகில் தனியாகச் சுற்றியது. யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. முகத்துக்கு எதிரில் இருப்பவர்களோடு பேசினார்கள், அவ்வளவுதான். பெர்சிஸ் ஐந்தடி ஓரங்குலம். தெருவில் அவளுக்கு நெட்டச்சி என்று பேர் வந்தது. ஒரு ரூபாய் கடனில்லாமல் பட்டம் வாங்கி, கணக்கு டீச்சராகி, தரைமேல் தன் காலில் நின்றாள். பேச்சுத் துணைக்கு ஜெயசீலி இருந்தாள். அவளும் வேலைக்குப் போய்விட்டால் சுவர்தான்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வரும்போது கீழேயிருந்து குரல் கேட்டது. ஃபீபி. வேலை இன்னும் கிடைக்கவில்லை. இப்போது மார்பு வரை.

"நெட்டச்சி, வாரு அறுந்திருக்கு. பாத்து நட."

அந்தத் தெருவில் அவளுடைய செருப்பைப் பார்க்கிற உயரத்தில்தான் எல்லோரும் இருந்தார்கள். சொன்னது ஃபீபி மட்டும். பெர்சிஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ரோட்டில் உட்கார்ந்தாள். அப்போதும் அவள்தான் உயரம். அதனால் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி முகவாயைத் தாங்கிக்கொண்டாள்.

"அந்த ஃபேன் இப்பவாவது ஓடுதா?" என்றாள் ஃபீபி.

"இல்ல."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குள் வரும் ஆட்டோக்கள் வேகத்தைக் குறைத்து, ரோட்டில் படுத்திருக்கும் டீச்சரைச் சுற்றிக்கொண்டு போகின்றன.