வயித்தெரிச்சல்: உண்டு, இல்லை

ஆஷிகாவின் படிவங்களில் அந்த நான்கையும் கண்டுபிடித்த அன்றுதான், பல நாளுக்குப் பிறகு தேவிகா டப்பாவில் இருந்த புளிச்சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

சிக்குன்குனியா மதுரைப் பக்கம் வந்துபோய் ஒரு வருடம் ஆகியிருந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது; மூட்டுவலி பலரை விடவில்லை. கிருமி போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சண்டையை நிறுத்தாததால்தான் வலி நீடிக்கிறதா? ஸ்ரீநாத்தின் ஆய்வுக்கூடத்தில் இதுதான் கேள்வி. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு அங்கே சேர்ந்த தேவிகாவுக்கு இது மூன்றாவது வருடம். ஆஷிகா வந்து எட்டு மாதம். ஒத்தக்கடை நோயாளிகள் தேவிகாவுக்கு, மேலூர் ஆஷிகாவுக்கு.

வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று தேவிகா கேட்டாள். ஒத்தக்கடையில் எல்லோரும் பத்து போட்டார்கள். ஆஷிகாவோ குடைச்சலா, கடுப்பா, உளைச்சலா என்று பேச்சுக் கொடுத்து, அவர்கள் சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வந்தாள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, மேலூர்க்காரர்களின் வலி கூடக்கூட, எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் பொருளும் கூடியிருந்தது. ஒத்தக்கடைப் பட்டியலில் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. கட்டுரையில் ஆஷிகா பெயர்தான் முதலில் என்றார் ஸ்ரீநாத். அந்த முதல் இடம் தனக்கு வரும் என்று நம்பித்தான் தேவிகா வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தாள்.

எட்டு மாதம். தேவிகாவுக்கு அந்தக் கணக்குத்தான் செரிக்கவில்லை. ஆஷிகாவுக்குச் சோதனைக்குழாயில் லேபிள் ஒட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

நான்கு படிவங்களில், ‘அதிகம் வாட்டுவது எது?’ என்ற கேள்விக்கு எதிரே ‘வயித்தெரிச்சல்’ என்று ஆஷிகா எழுதியிருந்தாள். வலி மாத்திரையால் வயிறு புண்ணானவர்களைச் சேர்க்கக் கூடாது; புண்ணாலும் ரத்தத்தில் அந்தப் பொருள் கூடும். நான்கையும் எடுத்துவிட்டால் ஆஷிகாவின் முடிவு நிற்காது. தேவிகா அதை ஸ்ரீநாத்திடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“நீங்களே ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துருங்க தேவிகா,” என்றார் ஸ்ரீநாத். “நீங்க சொன்னா சரிதான்.”

ஆஷிகாவிடம் சொல்லாமல் மறுநாள் காலையிலேயே மேலூர் பஸ் ஏறினாள். நால்வரில் முதல் ஆள் செல்லத்தாய். கல் குவாரியில் வேலை பார்த்தவள். இப்போது சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள்.

“வயித்தெரிச்சல் இருக்கா?”

“இல்லாம? அது பாட்டுக்கு எரியுது.”

தேவிகா பேனாவைத் திறந்தாள். “சாப்பிட்ட பெறகா, முன்னாடியா?”

செல்லத்தாய் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். “சோத்துக்கும் இதுக்கும் என்னம்மா? கல்லைத் தின்னாலும் எனக்குச் செரிக்கும். அந்தா போறா பாரு, என் ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே கொசு, ஒரே காய்ச்சல். அவ பத்தாம் நாளே எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டா. எனக்கு வருசம் ஒண்ணு. அவ சட்டியத் தூக்கிட்டுப் போறப்பல்லாம் எனக்கு எம்புட்டு எரியும் தெரியுமா? முட்டி வலியக்கூடத் தாங்கிருவேன். அந்தத் துலுக்க வீட்டுப் புள்ள சிரிச்சுக்கிட்டே அப்படியே எழுதிக்கிருச்சு.”

மற்ற மூன்று வீட்டிலும் அதே கதை. எரிச்சலுக்கு ஆள்தான் வேறு.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தேவிகா, சரிபார்ப்புக்கென்று கொண்டுவந்திருந்த புதுப் படிவங்களை மடியில் விரித்தாள். வயிற்றெரிச்சல்: உண்டு, இல்லை. ‘உண்டு’ என்று போட்டால் பொய்யே இல்லை. நான்கு பேரும் வாயால் சொன்னதுதான். ஸ்ரீநாத் மறுபேச்சுப் பேசமாட்டார். இரண்டு பஸ்ஸை விட்டாள். மூன்றாவது வந்தபோது நான்கிலும் ‘இல்லை’ என்று குறித்து, அழுத்திய அழுத்தில் கடைசிப் படிவம் கிழிய, எழுந்தாள்.

ஸ்ரீநாத் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லவேளை,” என்றார். கட்டுரையில் ஆஷிகாவின் பெயர் முதலிலேயே இருந்தது.

“மேலூருக்கா போனீங்க, அக்கா?” ஆஷிகா கேட்டாள். “எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனே.”

“உங்கிட்டக் கேக்கக் கூடாதுன்னுதான் போனேன்.”

ஆஷிகா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். தன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். “சாப்பிடுங்கக்கா.”

“வேணாம். வயித்தெரிச்சலா இருக்கு.”

நீட்டிய கை ஒரு நொடி அப்படியே நின்றது. என்ன மாதிரி எரிச்சல் என்று மேலூரில் அத்தனை பேரிடமும் கேட்டவள், இங்கே கேட்கவில்லை. “மோர் வாங்கிட்டு வாரேன்” என்று படியிறங்கிப் போனாள்.