சல்மா உம்மா மறந்தவை

1953 சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை நிந்தவூர் சல்மா உம்மா தன் வளவுக் கிணற்றை மறந்தாள். மத்தியானம் கிணறு இல்லை. அது இருந்த இடத்தில் மணல் கிடந்தது; வாளி மட்டும் கயிற்றோடு மணல்மேல் இருந்தது. அடுத்த கிழமை அயல்வீட்டுச் செவலைக் காளை போனது, பிறகு வாய்க்காலுக்குப் போகும் ஒழுங்கை. வைகாசியில் மீன்காரன் மசூர் வாசல் படலையில் நின்று, "சூடை இருக்கு ராத்தா, எடுக்கல்லையா?" என்றான். "ஆருடா நீ?" என்றாள் அவள். தோளில் இருந்த காவுதடி நிலத்தில் விழுந்தது. மீன் புழுதியில் சிதறியது. மசூர் இல்லை.

மசூரின் தம்பிமார் மூவரும் கத்திகளோடு வந்தார்கள். சல்மா உம்மாவின் ஒரே மகளைக் கட்டிய ஹமீட் வாசலில் மறித்தான். ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளையும் அங்கேதான் இருந்தான். அன்று அவனுடைய வலது காது போனது. அது மறதியால் அல்ல, கத்தியால். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் கூடினார்கள். அவளைத் தோணியில் ஏற்றி ஆழக்கடலில் இறக்கிவிடலாம் என்றார்கள் பலர். கல்லும் கயிறும் வந்துவிட்டன. கால்களைக் கட்டியும் ஆயிற்று. அப்போது அபூசாலி மரைக்கார் கேட்டார்: "அவ மௌத்தாகினா, அவட தலைக்குள்ள இருக்கிற நாமெல்லாம் எங்க போற?" கயிறு அவிழ்க்கப்பட்டது.

கல்முனையில் மருந்துச்சாலை வைத்திருந்த அப்போதிக்கரி பெனடிக்கை வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். அவர் அவளுடைய நாக்கையும் கண்ணையும் பார்த்தார். "மூளையும் வயல்தான் மரைக்கார். தண்ணி கட்டாட்டி வெடிக்கும்" என்று சொல்லி ஒரு தாளில் எழுதினார். விடியலில் கடற்கரை வழியே மூன்று மைல் நடை. மீனும் முருங்கையிலையும் உண்டு, உப்பு பாதி, சீனி அறவே இல்லை. இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு விழித்திருக்கக் கூடாது. நாளுக்கு ஒரு புது ஆளோடு கதைக்க வேண்டும். அறியாத ஒன்றைப் படிக்க வேண்டும். அடி என்பது தாளில் இல்லை. அதை ஊர் சேர்த்தது.

முதல் மாதம் நடையில் பின்தங்கியதற்காக அவளுடைய கெண்டைக்கால்கள் பிரம்படியில் வெடித்தன. இரக்கப்பட்டுச் சீனித் தொதல் கொடுத்த உறவுக்காரனின் மூன்று விரல்களை மசூரின் தம்பிமார் அம்மியில் வைத்து நசுக்கினார்கள். கதைக்க வந்தவர்கள் பயத்தில் வாயடைத்து நின்றார்கள், அவர்களுக்கும் விழுந்தது. படித்ததில் பிழைவிட்ட ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பிரம்படி. பலன் இருந்தது. நான்காம் மாதம் கிணறு வந்தது. தண்ணீர் உப்பாக இருந்தது. காளை கொம்பில்லாமல் வந்தது. மசூர் படலையடியில் நின்று மீன் எங்கே என்று கேட்டான். அவனுக்கு நிழல் இல்லை. சல்மா உம்மாவின் நினைவில் திரும்பாதது திரும்பவில்லை. வந்தவரைக்கும் போதும் என்று பெண்சாதி அவனைக் கூட்டிப்போனாள்.

அந்த மார்கழியில் சல்மா உம்மா மகளின் பெயரை மறந்தாள். மறுநாள் பிறப்புப் பதிவில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஹமீட் கூப்பிட வாய் திறந்தால் மூச்சு மட்டும் வந்தது. மகள் அன்றே மசூரின் தம்பிமாரிடம் போய்ப் பிரம்பைப் பறித்தாள். "இனி நான் அடிக்கன். போகப்போறது நான்தானே" என்றாள். அவர்களைவிடப் பலமாக அடித்தாள். விடியலில் தாயைத் தலைமயிரில் பிடித்து எழுப்பி, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து ஒரே கேள்வி கேட்டாள்.

"ஆர் நான்? சொல்லுங்க உம்மா."

சல்மா உம்மா பிரம்பைத்தான் பார்த்தாள். "அடிக்கிறவ."

"அடிக்கிறவ ஆரு?"

"அடிக்கிற கை."

ஹமீட் ஒருநாள் பிரம்பை முறித்து அடுப்பில் வைத்தான். "விடு புள்ள. அவ ஒன்ட மொகத்தப் பாக்கிறல்ல, கம்பத்தான் பாக்கா." மகள் ஒன்பது நாள் அடிக்கவில்லை. ஒன்பது நாளும் சல்மா உம்மா நடக்க மறுத்தாள், படிக்க மறுத்தாள், சீனியை அள்ளித் தின்றாள். பத்தாம் நாள் மகளுக்கு இடது கை இல்லை. அவள் வலது கையால் புதுப் பிரம்பு வெட்டினாள்.

1955இல் மகளின் முகம் போனது. மூன்று மாதம் பொறுத்திருந்துவிட்டு ஹமீட் அட்டாளைச்சேனையில் தன் தாய் வீட்டுக்குத் திரும்பினான். அவனை ஊர் குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் குரல் போனது, பிறகு உடம்பு. 1957 நோன்புப் பெருநாளுக்குள் முழங்கைக்குக் கீழே வலது கை மட்டும் மிஞ்சியது. அது தோள் உயரத்தில் பிரம்போடு நின்று, விடியலில் சல்மா உம்மாவைக் கடற்கரைக்கு ஓட்டிச் சென்றது. பிரம்பை விரலிடுக்கில் வைத்தபடியே மீன் கழுவியது. உப்பைப் பாதியாகக் கிள்ளிப் போட்டது. அவள் அப்போது பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொன்னாள். ஊரின் அறுநூறு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெனடிக் வந்து பார்த்து, வைத்தியம் பலித்தது என்றார்.

அந்த வருஷ மார்கழி வெள்ளம் வயலையும் ஊரையும் ஒன்றாக்கியது. தண்ணீர் சல்மா உம்மாவைக் கூரையோடு கொண்டுபோனது. கை பிரம்பை விட்டது. அவளைத் தலைமயிரில் பிடித்து, மிதந்து வந்த மரங்களில் மோதி மோதி, நெற்றித்தோல் உரிய, பள்ளிவாசல் மேல்மாடிக்கு இழுத்து வந்தது. மாடியில் இருந்தவர்கள் கையைப் பார்த்தார்கள். பிரம்பில்லாமல் அதை அவர்கள் கண்டதில்லை, அவளும் கண்டதில்லை. விரல் நுனிகள் மங்கத் தொடங்கின.

"ராத்தா, ஆர்ர கை இது? கெதியாச் சொல்லுங்க" என்றார் அபூசாலி மரைக்கார்.

சல்மா உம்மா கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் அவளுடைய தலைமயிர் ஒரு கொத்து இருந்தது. கண்ணில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஆரெண்டு தெரியா" என்றாள். "என்னப் புடிச்ச கை."

விரல் நுனிகள் மங்குவது நின்றது.

தண்ணீர் வடிந்தபின் நிவாரண அரிசிக்குப் பெயர் எழுத ஊர்த் தலைவரான விதானையார் வந்தார். சல்மா உம்மா வீடு, ஆட்கள் இரண்டு என்று எழுதி, மைப்பெட்டியை நீட்டினார். கை பெருவிரலை அழுத்தி வைத்தது. அவர் மை காய ஊதிவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.