கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

"வயசானா உயரம் குறையும்னாங்க. உனக்குக் குறையவே இல்லையே, நெட்டை!" என்றாள் அவள்.

"உனக்கு மட்டும் என்னவாம்? அதே ஆந்தை முழி," என்றான் அவன்.

குழந்தைகளின் நடத்தையை ஆராயும் அந்தக் கூடத்தில் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். விளையாட்டறைக்கும் இருட்டறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி. குழந்தைகளுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி; இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல். முழங்கை இடிக்கும் நெருக்கத்தில் இரண்டு நாற்காலிகள். குழந்தை சிரித்தால் ஒரு பொத்தான். சண்டை, விளையாட்டு, தனிமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். பேசக்கூடாது, அடுத்தவர் கையைப் பார்க்கக்கூடாது. தனித்தனியாகப் பார்த்தும் இருவரும் ஒன்றையே கண்டால்தான் அது சேர்த்தி. இவர்கள் இருவரும் எப்போதும் ஒன்றையே கண்டார்கள்.

"கட்டிக்கிட்டவங்ககூட இப்படி ஒத்துப்போக மாட்டாங்கப்பா," என்று மற்றவர்கள் சீண்டும்போது அவளுக்குக் காது சூடாகும். பிறகு அவன் வேறு வேலைக்குப் போனான். அவள் வேறு வாழ்க்கைக்குப் போனாள்.

இத்தனை வருஷம் கழித்து, கூடத்தின் இப்போதைய தலைவி போனில் கூப்பிட்டாள். பழைய வீடியோக்களில் பொத்தான் சத்தமும் பதிவாகியிருந்ததாம். ஒரு 'டக்', அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு 'டக்'.

"ஒருத்தர் சத்தத்தைக் கேட்டு இன்னொருத்தர் அழுத்திட்டீங்களோன்னு சந்தேகம், மேடம். தனித்தனி அறையில உட்கார்ந்து திரும்பப் பாருங்க. அப்பதான் அந்தப் பதிவுகளை நம்பலாமான்னு தெரியும்."

போனை வைத்த பிறகும் அந்தச் சந்தேகம் அவளைக் குடைந்தது. எதையும் அப்பா சொல்லி, கணவர் சொல்லி, பிள்ளைகள் சொல்லியே பார்த்துப் பழகியவள். என் கண்ணால் நானே பார்த்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல அந்த இருட்டறை ஒன்றுதான் அவளுக்கு இருந்தது. அதுவும் அவன் விரலைக் கேட்டுப் பார்த்ததுதானா?

தனித்தனி அறையில் பார்த்து முடித்ததும் தலைவி இருவரையும் அழைத்தாள். சிரிப்பும் சண்டையும் பொருந்தின. தனிமை மட்டும் பொருந்தவில்லை. ஒரு காலில் மட்டும் காலுறை போட்ட ஒரு சிறுமி கண்ணாடி முன் நின்றபோதெல்லாம் அவள் தனிமை என்று அழுத்தியிருந்தாள். அவன் விளையாட்டு என்று.

"பழைய பதிவுல ரெண்டு பேருமே தனிமைன்னுதான் போட்டிருக்கீங்க, சார்," என்றாள் தலைவி. "அந்தப் பகுதியை மட்டும் எடுத்துடறோம். மத்தது இருக்கட்டும்."

அவள் அவனிடம் திரும்பினாள். "அப்ப பின்னால வந்தது நீதானா?"

"காப்பியடிக்கல, ஆந்தை. நீ பக்கத்துல இருந்து பார்த்தா எனக்கும் அவ தனியாத்தான் தெரிஞ்சா. இன்னிக்குத்தான் நான் தனியாப் பார்க்கறேன்."

நிம்மதி வர வேண்டியதுதான். அது அவள் கண்தான். ஆனால் அந்தக் கண் எதைப் பார்த்தது? "இன்னொரு தடவை போடுங்களேன்," என்றாள்.

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சிறுமி கண்ணாடிக்கு அருகே வந்தாள். கன்னத்தை உப்பினாள். நாக்கை நீட்டினாள். கண்ணாடிக்குள் எதிரே இருந்தவளும் நீட்டியிருக்க வேண்டும். சிறுமிக்குத் தாங்க முடியாத கொண்டாட்டம்.

"அந்த வருஷம் நான் விடுதியில இருந்தேன்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஞாயித்துக்கிழமைன்னா எல்லாருக்கும் வீட்டுலேர்ந்து யாராவது வருவாங்க."

"உனக்கு யாரும் வர மாட்டாங்க. தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்."

திரையில் சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள். இங்கே அவள் கட்டைவிரல், பொத்தான் இல்லாத வெறும் நாற்காலிக் கையை அழுத்தியது. கண் இமைப்பதற்குள் பக்கத்து நாற்காலிக் கையில் அவன் விரல் தட்டிய ஒரு 'டக்'.

"மறுபடியும் பின்னாலயே வரியா?"

"பழக்கதோஷம்," என்றான் நெட்டை.