நகராத கடைசி ஃபைல்

ஒரு லிஃப்ட் நகரவில்லை என்றால் எங்கே கை வைக்க வேண்டும் என்று உமர் ஃபாரூக்குக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரியும். ஒரு ஃபைல் ஏன் நகரவில்லை என்பதுதான் மூன்று மாதமாகப் பிடிபடவில்லை.

டாக்டர் ஆரோக்கியமேரியின் ஃபைல் அது. படுத்த படுக்கையாகக் கிடந்த கணவரைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வருடம் தொழிலை விட்டவர். பதிவைப் புதுப்பிக்காததால் மருத்துவர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது கணவர் இல்லை. பெரும்பாக்கத்தில், ஆற்றங்கரையிலிருந்து கொண்டுபோய்க் குடிவைத்த சனங்களுக்கான கிளினிக் ஒன்று அவருக்காக வேலையை வைத்திருந்தது, இந்த மாதக் கடைசிவரை. மாநில மருத்துவப் பதிவு வாரியம் ஒரு தீர்மானம் போட்டால் பெயர் திரும்ப ஏறிவிடும். யாருக்கும் ஆட்சேபணை கிடையாது. ஆனாலும் மூன்று கூட்டங்களிலும் அந்த ஃபைல் கடைசியாக வந்து, மூன்று தடவையும் ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று திரும்பிப் போனது.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மருத்துவ வாரியத்தில் என்ன வேலை? அவர் மனைவி ஜஹீதாவும் அதையேதான் கேட்டாள்.

“ஊசியப் பார்த்தாலே உங்களுக்கு மயக்கம் வரும். உங்களையா டாக்டருங்க பக்கத்துல உட்கார வெச்சிருக்காங்க?”

உமர் விளக்கினார். விளக்கச் சொன்னால் அவருக்குச் சோறு வேண்டாம், சொல்லாவிட்டாலும் விளக்குவார். முன்பெல்லாம் வாரியத்தின் ஒன்பது பேருமே டாக்டர்கள். ஒரு டாக்டர் மேல் புகார் வந்தால் டாக்டர்களே விசாரித்து டாக்டர்களே தீர்ப்புச் சொல்வார்கள். லிஃப்ட் மாட்டிய கம்பெனியே லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுப்பது மாதிரி. புதிய சட்டத்திருத்தம் அதை மாற்றியது. ஒன்பதில் இரண்டு பேர் மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லாத பொதுமக்களாக இருக்க வேண்டும். திருவான்மியூர் குடியிருப்போர் சங்கம் உமரின் பெயரை அனுப்பியது. இன்னொரு பொது உறுப்பினர் மகளின் பிரசவத்துக்காக சிங்கப்பூர் போய், இன்னும் திரும்பவில்லை.

“ஒண்ணும் தெரியாதுங்கறதுக்காகவே அரசாங்கம் கூப்பிட்டு நாற்காலி போட்ட ஆளு நான்தான்” என்று உமரே சொல்லிக்கொள்வார்.

“அதுக்கு நான் அப்பவே சிபாரிசு பண்ணியிருப்பேனே” என்பாள் ஜஹீதா.

சட்டத்தின் நகல் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருந்தது. நான்காம் பிரிவைப் பார்க்காமலே ஒப்பிப்பார். ‘பொது உறுப்பினர்’ என்ற சொல் அங்கேதான் வருகிறது. தன்னைப் பற்றிய இடம் வந்ததும் மனசு நிறைந்து மூடிவைத்தவர், மேற்கொண்டு ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

லிஃப்ட் வேலையில் ஒரு மரியாதை உண்டு. மெக்கானிக் எதிரிலேயே வீட்டுக்காரர்கள் சொத்து, சம்பந்தம் என்று பேச ஆரம்பித்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படிப் பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு நின்றவனை அந்த வீட்டில் மறுபடி கூப்பிட மாட்டார்கள். முதல் கூட்டத்தில் வாரியத் தலைவர் டாக்டர் சேரன் கடைசி ஃபைலைத் திறந்து, “ஒரு டாக்டரம்மாவோட சொந்தக் கஷ்டம் இது” என்றார். வீட்டுப் பேச்சு! உமர் கௌரவமாக எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த இரண்டு கூட்டங்களிலும் அப்படியே.

இன்றைக்கு நான்காவது கூட்டம். தேதி இருபத்தாறு. ஆழ்வார்பேட்டை அலுவலகத்தின் வராந்தா பெஞ்சில் ஆரோக்கியமேரி வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். நாலரை மணிக்கு உமர் வழக்கம்போல வெளியே வந்து, ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றி ஒன்றை அவரிடம் நீட்டினார்.

“அடுத்தது உங்களுதுதான் டாக்டரம்மா. நான் மரியாதையா எழுந்து வந்துட்டேன். அவங்க மனசு விட்டுப் பேசட்டும்.”

“ரொம்ப நன்றி பாய்” என்றார் ஆரோக்கியமேரி. போன மாதமும் இதற்கு நன்றி சொல்லியிருந்தார். “இன்னிக்கும் தள்ளிப்போனா கிளினிக்ல வேற ஆள் எடுத்துடுவாங்க.”

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று உமர் ஒரு கதையை எடுத்தார்.

“தி.நகர்ல ஒரு துணிக்கடை. லிஃப்ட் கதவு மூடவே மாட்டேங்குதுன்னு முதலாளி போன்ல காட்டுக் கத்தல். போய்ப் பார்த்தா, கதவு நடுவுல நின்னுக்கிட்டுதான் கத்திக்கிட்டு இருக்காரு! ஆள் நின்னா மூடாதபடி கதவுல சென்சார் இருக்கு. அவர் நகர்ந்தாரு, கதவு மூடிக்கிச்சு.”

ஆரோக்கியமேரி வாய்விட்டுச் சிரித்தார். அப்போது அலுவலக உதவியாளர் டில்லிபாபு தண்ணீர் பாட்டில் எடுக்க வெளியே வந்தார்.

“இன்னா பாய், தொழுது முட்ச்சிட்டீங்களா?”

“தொழுகையா? அது வீட்டுக்குப் போற வழியில. இப்ப டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“டீயா! உள்ள எல்லா டாக்டரும் நீங்க தொழுவுறீங்கன்னு மூணு மாசமா வாயத் தொறக்காம குந்திக்கினு கீறாங்க. சாமி விஷயம், எப்டி கூப்புடறதுன்னு கூச்சம். பத்து நிமிசம் பாப்பாங்க, நீங்க வர மாட்டீங்க, ஒத்திவெச்சிடுவாங்க.”

“நான் இல்லாட்டி என்ன? டாக்டருங்கதான் அத்தனை பேர் இருக்காங்களே?”

“நல்லா கீது பாய். சட்டத்த பையில வெச்சிக்கினு என்னாண்ட கேக்குறீங்களே!”

உமர் நகலை எடுத்து, முதல் தடவையாக நான்காம் பிரிவைத் தாண்டிப் புரட்டினார். பத்தொன்பதாம் பிரிவு: பட்டியலில் பெயரை நீக்கும் தீர்மானமோ சேர்க்கும் தீர்மானமோ, பொது உறுப்பினர் ஒருவராவது கூட்டத்தில் அமர்ந்திருந்தால் மட்டுமே செல்லும்.

ஆரோக்கியமேரியும் அவர் தோளுக்குமேல் எட்டிப் படித்தார்.

“அந்தத் துணிக்கடை முதலாளி, டீயைக் குடிச்சிட்டு நகருவாரா? இல்ல, இப்பவே நகர்ந்துடுவாரா?”

உமர் டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். பத்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது. சேரன் பேனாவைத் திறந்து ‘ஒத்தி’ வரைக்கும் எழுதியிருந்தார்.

“தொழுகை முடிஞ்சுதா?”

“தொழுகை இல்ல சார், டீ. நீங்க வீட்டுப் பேச்சு பேசுறீங்கன்னு வெளியில போனேன். மூணு மாசமா பழுது நான்தான் சார்.”

சேரனே முதலில் சிரித்துவிட்டார். எழுதியதை அடித்தார். தீர்மானம் நிறைவேற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றைக்குத் தன் சர்வீஸ் நோட்டில் உமர் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: பொது உறுப்பினர் கடைசி ஃபைல் முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, உட்கார்ந்திருந்தால் ஃபைல் நகரும்.