வெள்ளைப் படத்துக்குள் பேர்குர்

1

இந்தக் கதை, ஒன்றுமே தெரியாத ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது.

மார்யுன் என் பக்கத்து வீட்டுக்காரி. மலையையும் கடலையும் படம் எடுத்து விற்பவள். வட அட்லாண்டிக் கடலில் கிடக்கும் இந்த ஃபாரோ தீவுகளில் அவள் படத்தை மாட்டாத சாப்பாட்டுக் கடை குறைவு. ஆனால் அவளுடைய சொந்தச் சமையலறையில் மாட்டியிருப்பது வெறும் வெள்ளை. கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு சாம்பல் கறை. புல்லாக இருக்கலாம்.

"இது சரியா விழலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் கூச்சமாக இருந்தது.

"நல்லாத்தானே விழுந்திருக்கு. நடுவுல பாரு, பேர்குர் உக்காந்திருக்கான்."

பார்த்தேன். யாரும் இல்லை.

"என் புருஷன்தான். சிவப்பு ஜாக்கெட் போட்டிருக்கான்" என்றாள், எனக்குக் கண் சரியில்லை என்பதுபோல.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "கடலிலிருந்து மூடுபனி ஒரு வெள்ளைப் பூனையைப் போல எழுந்து வந்து—"

இல்லை. நான் மீன் பண்ணையில் கடல்நீரின் உப்பை அளக்கிறவள். குளிர்ந்த கடல்மேல் ஈரக்காற்று நகர்ந்தால் மூடுபனி. அதில் பூனைக்கு இடமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "பேர்குர் தைரியசாலி."

இதை மார்யுனிடம் வாசித்துக் காட்டினேன்.

"யாரு, இவனா? வாத்து சீறினா வேலி தாண்டிக் குதிப்பான். நீ வேற யாரையோ எழுதுற, பொண்ணே."

அடித்துவிட்டேன்.

3

மூன்றாவது. இதை வைத்துக்கொள்கிறேன். இதில் பெரும்பகுதி அவள் சொன்னது.

அன்று காலை ரொட்டியில் ருபார்ப் ஜாமைத் தடவிக்கொண்டே பேர்குர் சொன்னான்: "கிரீன்லாந்து போற படகுல இடம் இருக்காம். போனா, திரும்பி இங்க வருவேனான்னு தெரியல."

"வெளிச்சம் நல்லா வரும்போல இருக்கு. வந்து பேசுவோம்" என்றாள் மார்யுன்.

"அதைத்தான் சொல்றேன். ஒரு மேகத்துக்காக அரை நாள் காத்துக் கிடப்ப. ஒரு தடவையாவது எனக்காக உக்காந்திருக்கியா?"

அவள் கேமராவின் முக்காலியை எடுத்தாள். அவன் சிவப்பு ஜாக்கெட்டை எடுத்தான். சண்டையானாலும் அது பழக்கம். அவளுடைய படங்களில் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். மலை எவ்வளவு பெரியது என்று காட்ட நிற்கும் பேர்குர்.

செங்குத்தான பாறை விளிம்பு குதிரை லாடம்போல வளைகிற இடத்துக்குப் போனார்கள். ஒரு முனையில் கேமரா. எதிர்முனையில் பேர்குர். நடுவில் வெறும் காற்று, அதற்குக் கீழே கடல்.

அவன் போய்ச் சேர்ந்து கையைத் தூக்கினான். அவள் குனிந்தாள். மூடுபனி வந்தது.*

(* ஆடு ஓட்ட மலையேறும் எல்லோருக்கும் இங்கே தெரிந்த ஒன்று: பனி மூடினால் இருந்த இடத்திலேயே உட்கார். விலகும்வரை எழுந்திருக்காதே. இன்னொன்றும் உண்டு: பனிக்குள் இருப்பவரைக் கூப்பிடாதே. குரல் கேட்டால் கால் நேராகக் குரலை நோக்கிப் போகும். நேராக இருப்பது எப்போதும் பாதை அல்ல.)

4

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பனி உயரமாக நிற்பதில்லை. கேமராவுக்குப் பின்னால் இருந்த சரிவில் கொஞ்சம் ஏறினால் பனிக்கு மேலே வந்துவிடலாம். மேலே வெயில். காலுக்குக் கீழே வெள்ளைக் கடல், அதில் மிதக்கும் சிகரங்கள். இந்த ஊரில் கேமரா வைத்திருக்கும் எல்லோரும் அந்தப் படத்துக்காகத்தான் வாழ்கிறார்கள்.

மார்யுனுக்கு அது தெரியும். மார்யுனுக்குத் தெரியும் என்பது பேர்குருக்கும் தெரியும்.

அவன் வெள்ளைக்குள் உட்கார்ந்திருக்கிறான். அவள் மேலே ஏறியிருப்பாள் என்று நினைத்தால் எழுந்து தன் வழியைத் தானே பார்ப்பான். விளிம்பு அவன் காலருகில். 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது.

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"உக்காந்தேன். வேற என்ன?"

"படம்?"

"கை சும்மா இருக்குமா? அமுக்கினேன். வெள்ளை. மறுபடி அமுக்கினேன். வெள்ளை. அவன் வந்தா காட்டலாம்ல, இந்தா பாரு, இங்கேயேதான் கிடந்தேன்னு."

அவளுடைய படத்தொகுப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். பனிக்கு மேலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அன்று எடுத்ததும் இல்லை, வேறெந்த நாள் எடுத்ததும் இல்லை.

5

முடிவு அ: பனி விலகுகிறது. பேர்குர் அங்கேயே இருக்கிறான். எதிர்முனையில் அவளைப் பார்க்கிறான். நெடுநேரம் இருவரும் அசையவில்லை. பிறகு அவன்—

முடிவு ஆ: பனி விலகுகிறது. எதிர்முனையில் புல் மட்டும். ஓர் ஆடு திரும்பிப்—

இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மார்யுன் காய்ந்த ஆட்டிறைச்சியை மெல்லியதாக அரிந்துகொண்டே வாசித்தாள். எது உண்மை என்று முகத்தில் தெரியுமென்று நினைத்தேன். தெரியவில்லை.

"ரெண்டும் தப்பு."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுலயும் பனி சட்டுனு விலகிடுது. அவ்வளவு சீக்கிரம் விலகாது, பொண்ணே. உனக்குக் கதை முடியணும். பனிக்கு என்ன அவசரம்?"

"கடைசியில என்ன ஆச்சுன்னாவது சொல்லுங்களேன்."

"இறைச்சி எடுத்துக்கோ" என்றாள்.

(வெளியே வரும்போது வாசலில் எத்தனை சோடி பூட்ஸ் இருந்தன என்று பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அதை எழுதினால் நானும் அவனைப் பனிக்குள் விட்டுவிட்டுப் பின்சரிவில் ஏறியவள் ஆவேன்.)

6

ஆகவே பனி இன்னும் விலகவில்லை.

இந்தப் பத்திக்குக் கீழே உங்களுக்கு வெற்றுத்தாள் தெரியும். அதன் நடுவில் பேர்குர் உட்கார்ந்திருக்கிறான், சிவப்பு ஜாக்கெட்டில். முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாராவது தனக்காக இருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாத்துக்குப் பயப்படுகிறவன்.

இந்த முனையில் மார்யுனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. புல் ஈரம்தான். உட்காருங்கள்.

அவனைக் கூப்பிட மட்டும் கூப்பிடாதீர்கள்.