குறுக்கே நடவாதவன்

கற்றறிந்தோரே, கதிரவன் உச்சி கடந்து மேலை மாடங்களின் முகட்டில் சாய்ந்து, தெருவின் ஒரு பாதியை நிழலுக்கும் மறு பாதியை வெயிலுக்கும் பங்கிட்டுக் கொடுத்திருந்த ஒரு பிற்பகற் பொழுதில், இரும்பு வேலை செய்வோர் நெருங்கி வாழும் தெருவொன்றைச் சற்றே உள்ளத்தால் காண்பீராக. மற்றை நாள்களில் அத்தெருவுக்குள் நுழைந்தவர்க்குத் தம் வாய்ச்சொல் தம் செவிக்கே எட்டாது. சக்கரப் பட்டை வளைப்போரும், கதவுக் கொண்டி அடிப்போரும், கடப்பாறை கூராக்குவோரும் ஒருவர் ஓசையை ஒருவர் விழுங்க முயன்று, அனைவரும் தோற்று, காது செவிடுபட ஆர்ப்பரிப்பர். அன்றோ தெரு வாயடைத்துக் கிடந்தது. கடைகளின் பலகைக் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. சந்தைப் பக்கம் கரும்புகை எழுந்து கூரைகளின்மேல் படிந்தது. வழிபாட்டிடம் ஒன்றின் மதிலை இடித்துவிட்டனர் என்று யாரோ சொல்ல, எவரும் போய்ப் பாராமலே ஊர் இரண்டுபட்டிருந்தது. போய்ப் பார்த்து வருதற்குச் சிறுபொழுது போதும். நம்மவர்க்கு அதற்கு ஒழிவில்லை, வெட்டிக்கொள்வதற்கோ பகல் முழுதும் ஒழிவிருந்தது. அம்மதில் சிறு கீறலும் இன்றி நின்றது என்பது பின்னர்த் தெரிந்தது.

சாத்தாத கடை ஒன்றே ஒன்று. அதன் உடையவர் இசுலாமியர், கொல்லர், ஊரார் அனைவர்க்கும் 'பாய்'. அவருடைய சமயம் அவர் நாவில் இருந்ததைவிடக் கையில் மிகுதியாக இருந்தது. இறைவன் பெயரை மெல்லச் சொல்லாமல் முதல் அடியை அடிக்கமாட்டார். பழுதான இரும்பை நல்லதென்று விற்கமாட்டார். உரிய பொழுது வந்ததும் கைகால் முகம் கழுவி, தொழுகைப் பாயை விரித்து நின்றுவிடுவார், வாயிலில் எத்துணைப் பெரியவர் காத்திருந்தாலும் சரி. வீடுதோறும் குடிநீர் கொண்டுசெல்லும் வண்டியின் இருசு, அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு, முறிந்து அவர் உலைக்களத்தில் கிடந்தது. மாலைக்குள் முடித்துத் தருவதாக வண்டிக்காரனுக்குச் சொல் கொடுத்திருந்தார். "இன்னிக்கு ஒரு நாள் கடையத் தொறக்கலன்னா குடியா முழுகிடும்?" என்று மனைவி வழிமறித்தபோது, "வண்டி நின்னுபோச்சுன்னா நாளைக்கு நம்ம வீட்டுக் குடமும் காலிதான், தள்ளு," என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

அவருக்கு எதிர்நின்று சம்மட்டி ஓங்குபவன் வேறு சமயத்தவன், வீட்டில் விளக்கேற்றித் தெய்வப் படங்களை வணங்குபவன். உலைக்கள வேலையில் பேச்சுக்கு இடமில்லை. கொல்லர் சிறு சுத்தியலால் தட்டிக் காட்டிய இடத்தில் சம்மட்டி விழவேண்டும், சுத்தியல், இரும்பை வைத்தடிக்கும் பட்டடையின் ஓரத்தைத் தொட்டால் சம்மட்டி நிற்கவேண்டும். இளமை தொட்டு அப்படியே பழகிய இருவரும் ஒருவர் கருத்தை ஒருவர் கையசைவில் அறிந்துகொண்டனரேயன்றி, வாய் திறந்து எதனையும் கேட்டறிந்திலர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொல்லர் தொழுதுகொண்டிருக்கையில் அவர் முன்னே நடந்துபோன சம்மட்டிக்காரனிடம், தொழுகை முடிந்தபின், "தொழும்போது குறுக்க நடக்காதப்பா," என்றார். அவ்வளவுதான். ஏன் என்று அவன் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. அன்று முதல் அவன் கால் அந்தப் பாய்க்கு முன்னே விழுந்ததே இல்லை. தான் நடவாதது மட்டுமோ, பிறரையும் நடக்கவிடான். ஒருமுறை அரசு அலுவலர் ஒருவரையே வழிமறித்து, "பாய் தொழுறாரு, அப்படிச் சுத்திப் போங்க," என்று கரிக்குவியலைச் சுற்றிப் போகவிட்டு, அவருடைய வெள்ளைக் காற்சட்டையைக் கெடுத்தான். கொல்லரும் அவன் ஏதோ ஒரு நோன்புக்காக உண்ணாதிருக்கும் நாள்களில் தாமும் அவன் கண்முன் உணவுப் பொதியைப் பிரிக்கமாட்டார். ஆகா, என்ன மதிப்பு, என்ன பண்பு என்று நாமும் வியந்திருப்போம்.

அன்று காலையிலேயே சம்மட்டிக்காரனின் சித்தப்பன் மகன் வீடு தேடி வந்து, "அண்ணே, இன்னிக்கு அந்தக் கடைப்பக்கம் போகாத. சொல்லிட்டேன்," என்று எச்சரித்திருந்தான். போகாதே என்ற அச்சொல்லே அவனைப் போகவைத்தது. வந்ததும் கொல்லரிடம், "மூடிடலாம் பாய். வருவாங்கபோல இருக்கு," என்றான். "இருசு முடியட்டும். ஒரே சூடு காய்ச்சி அடிக்கிறதுதான் பாக்கி," என்றார் அவர். தெருக்கதவைத் தாழிட்டனர், உலைப்புகை வெளியேறவென்று சந்துப்புறக் கதவைத் திறந்தே வைத்தனர். உயிர் போகக்கூடிய நாளில் அந்தக் கதவைத் திறந்துவைத்தார்களே என்று இன்றும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

தொழுகைப் பொழுது வந்தது. கொல்லர் தொட்டி நீரில் கைகால் கழுவிப் பாயை விரித்தார். இருசு உலையில் பழுத்துக்கொண்டிருந்தமையால் சம்மட்டிக்காரன் துருத்தியைவிட்டு அகல இயலவில்லை. உலை பாய்க்கு இடப்புறம். சந்துக்கதவு வலப்புறம், சுவரோரம். அவர் நின்று, குனிந்து, நிமிர்ந்து, நெற்றி நிலம் தோயப் பணிந்த அந்த நொடியில், சந்துக்கதவில் நிழல் விழுந்தது. மூவர். முன்னே வந்தவன் கையில் அரிவாள். அவன் வேறு யாருமல்லன், காலையில் எச்சரித்த அதே சித்தப்பன் மகன்.

"ஒதுங்கிக்கோ அண்ணே. உனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றான் அவன்.

சம்மட்டியைப் பற்றிக்கொண்டு சம்மட்டிக்காரன் பாய்ந்தான். நேரே பாய்ந்திருந்தால், பாயின் முன்புறத்துக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே நாலே எட்டு. ஆனால் அவன் உள்ளம் நேரே போ என்று கதற, கால் கேட்கவில்லை. பழகிய கால் பழகிய வழியே திரும்பி, பட்டடையைச் சுற்றி, நீர்த்தொட்டியைக் கடந்து, கரிக்குவியலில் புதைந்து, கொல்லரின் முதுகுப்புறமாகச் சுற்றிக்கொண்டு ஓடியது. அதற்குள் சித்தப்பன் மகன் பாய்க்கு முன்னே காலெடுத்து வைத்துவிட்டான்.

தலை தரையிலிருந்த கொல்லர் தம் முன்னே அடியோசை கேட்டார். தம் கூட்டாளியின் அடி அவ்விடத்தில் விழாது என்பதை அவர் அறிவார். வந்தவன் அயலான் என்று அந்த ஓரோசையே அவருக்குச் சொல்லிற்று. சட்டென்று புரண்டு வலக்கையை உயர்த்தினார். கழுத்துக்கென்று ஓங்கிய அரிவாள் முழங்கைக்குக் கீழே இறங்கி, எலும்பில் முட்டி, திருகி, மீண்டது. மீண்டும் ஓங்கி மீண்டும் அதே கையில் வெட்டினான். குருதி பீறிட்டுப் பாயையும் சுவரையும் வெட்டியவன் முகத்தையும் நனைத்தது.

மூன்றாம் வெட்டு விழவில்லை. சம்மட்டி அவன் தோளில் இறங்கியது. பச்சை விறகு முறிவதுபோல் எலும்பு முறிந்தது. "என்னையா அண்ணே அடிக்கிற?" என்று அவன் வியப்போடு கேட்டான். "ஆமா. உன்னத்தான்," என்று சொல்லி, சம்மட்டிக்காரன் அவன் முழங்காலையும் உடைத்தான். இரண்டாமவன் இரும்புக் கம்பியால் இவன் விலாவில் குத்தினான். இவன் உலையிலிருந்த இருசை கைக்கு எட்டிய குறட்டால் பற்றி இழுத்து, செங்கனல் சிந்த அவன் மார்புக்கு நேரே நீட்ட, கம்பியை எறிந்துவிட்டு அவன் ஓடினான். மூன்றாமவன் அதற்கு முன்பே ஓடியிருந்தான். தன் தம்பியென்று தோளில் தூக்கி வளர்த்தவன் தரையில் புழுவாய்த் துடிக்கக் கண்டும், சம்மட்டிக்காரன் அவனைத் திரும்பிப் பாராது கொல்லரிடம் விழுந்து, தன் துண்டைக் கிழித்து அவர் கையின் மேற்பகுதியைச் சுற்றி, இரு கையாலும் முறுக்கிப் பிடித்தான். தம்பி ஒற்றைக் கையை ஊன்றித் தவழ்ந்து சந்துக்கதவு வழியே வெளியேறினான்.

அந்நேரம் பார்த்துத்தானா கொல்லரின் மைத்துனன் ஆள்களைத் திரட்டிக்கொண்டு வரவேண்டும்? தெருக்கதவை உடைத்து நுழைந்தவன் கண்டது என்ன? குருதியில் கிடக்கும் தன் அக்காள் கணவர், அவர்மேல் கவிந்து, கையெல்லாம் செந்நிறமாய், மாற்றுச் சமயத்தான் ஒருவன், அருகே சம்மட்டி. அவ்வளவு போதாதா? இரும்புக் குழாய் சம்மட்டிக்காரனின் முதுகில் விழுந்தது. அடுத்தது தலையில், காது கிழிந்தது. மிதித்தனர், குழாயால் குத்தினர், மயிரைப் பற்றி இழுத்தனர். அவனோ தடுக்கக் கையெடுத்தானில்லை. கையெடுத்தால் முறுக்கு அவிழும். முறுக்கு அவிழ்ந்தால் அவர் உயிர் ஒழுகிப்போகும். அடி வாங்கிக்கொண்டே, பற்களைக் கடித்துக்கொண்டே, அந்தத் துண்டை முறுக்கிப் பிடித்தபடி கிடந்தான். அவனை அடித்தவர்கள் அதனைக் கண்டார்களில்லை. சினம் மூண்ட கண்ணுக்கு எதிரே இருப்பது தெரிவதேது?

மயக்கத்தில் அமிழ்ந்திருந்த கொல்லர் கண் திறந்தார். இடக்கையால் தடவி, மைத்துனனின் கணுக்காலைப் பற்றினார். அவன் குனிந்தான்.

"மச்சான்... அவன் கைய எடுத்தான்னா... நான் செத்தேன்."

ஓங்கிய குழாய் அந்தரத்தில் நின்றது. மைத்துனன் அப்போதுதான் துண்டைப் பார்த்தான். வாய்விட்டு அழுதான். பின்பு இருவரையும், முறுக்கிய கை முறுக்கியபடியே, ஒரே தள்ளுவண்டியில் கிடத்தி மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினர். இருசு உலைக்களத் தரையில் ஆறிக் கறுத்தது. அன்று மாலை ஊரில் எந்தச் சமயத்தார் வீட்டுக்கும் தண்ணீர் வரவில்லை.

கையை மீட்க மருத்துவரால் இயலவில்லை. சில நாள்கள் கழிந்து, அடுத்தடுத்த கட்டில்களில், ஒருவர் வலக்கை இழந்தும் மற்றவன் விலா முறிந்து ஒரு செவி கேளாதும் கிடந்தனர். பிற்பகல் வெயில் சாளரம் வழியே தரையில் விழுந்திருந்தது. கொல்லர் எழ முடியாமையால் படுத்தபடியே கண்ணசைவால் தொழுது முடித்தார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, தன்னை அரித்துக்கொண்டிருந்ததைச் சம்மட்டிக்காரன் கேட்டான்.

"பாய், நான் சுத்தி வராம நேரா குறுக்க வந்திருந்தா?"

கொல்லர் விட்டத்தைப் பார்த்தார். இல்லையப்பா, நடப்பது நடந்தே தீரும் என்று சொல்லி அவன் நெஞ்சை ஆற்றுவது எளிது. அவன்மேல் அவருக்கிருந்த அன்பும் அதனைத்தான் சொல்லச் சொல்லியது. ஆயினும் பழுதான இரும்பை நல்லதென்று விற்று அறியாத மனிதர் அவர்.

"கை தப்பிச்சிருக்கும்," என்றார்.

சம்மட்டிக்காரன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. கொல்லர் அவனை அழவிட்டு, பிறகு, "கேளு. உசுருக்கு ஆபத்துன்னா தொழுறவனே தொழுகைய விட்டுட்டு எந்திரிக்கணும். எங்க மார்க்கத்துல அப்படித்தான் இருக்கு. நீ தாராளமா குறுக்க வரலாம். நடக்காதன்னு பாதிய மட்டும் சொல்லி வெச்சேன், மீதிய இத்தன வருசமா சொல்லவே இல்ல. நீ செஞ்சது தப்பில்லப்பா. நான் சொல்லாம விட்டதுதான் தப்பு," என்றார்.

செவிலி ஒருத்தி வந்து கொல்லரின் கட்டுத்துணியை மாற்றிவிட்டுப் போனாள். சம்மட்டிக்காரன் கேட்கும் செவியை அவர் பக்கம் வாகாகத் திருப்பிப் படுத்தான்.

"இன்னும் என்னெல்லாம் சொல்லாம வெச்சிருக்கீங்க பாய்?"

"நீ மட்டும் என்னவாம்? மாசத்துல ஒரு நாள் வெறும் வயித்தோட வந்து சம்மட்டி தூக்குவியே, அது யாருக்காக? இன்னிவரைக்கும் நான் கேட்டதே இல்ல."

"அதுவா... அது பெரிய கத."

"சொல்லு. எனக்கு இப்ப என்ன வேல இருக்கு."

அவன் சொல்லத் தொடங்கினான். இடையிடையே அவர் கேட்டார். ஏன் என்றார், எதற்கு என்றார், புரியவில்லை மறுபடி சொல் என்றார். ஒருவர் எல்லையை ஒருவர் மிதியாமல் நடப்பதே அன்பின் முழுமை என்று வாழ்நாளெல்லாம் நம்பி, அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று எட்டியும் பாராதிருந்த அவ்விருவரும், அந்தக் கட்டில்களில் கிடந்தபடி, வெயில் தரையைவிட்டு அகலும்வரை பேசிக்கொண்டிருந்தனர். அவருக்கு இரண்டு கையும் இருந்த நாளிலேயே பேசியிருக்கலாம்.